ஸ்டீம் அக்கா நிறுத்திவைத்த காலை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருபத்தாறு வருடச் சர்வீஸ். சம்பளப் பட்டியலில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போடும்போது அவளுக்கே அது ஞாபகம் வரும், அதோடு சரி. மற்றபடி பெரிய டாக்டரம்மா முதல் கேட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடும் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் ஸ்டீம் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆப்பரேஷன் தியேட்டருக்குப் பின்பக்கம், பகலிலும் விளக்குப் போட்டே தீர வேண்டிய ஒரு அறை அவளுடைய ராஜ்ஜியம். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ரத்தம் பட்ட கத்தியும் கத்தரியும் இடுக்கியும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும். அவள் கழுவி, துடைத்து, எண்ணி, இரண்டு மடிப்புப் பச்சைத் துணியில் சுற்றி, மேலே ஒரு டேப் ஒட்டி, ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்துக்குள் அடுக்குவாள். நீராவி ஏறி இறங்கியதும் டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு தெரிந்தால் அந்தச் செட்டில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதன் பிறகு தியேட்டரில் கையுறை போட்ட நர்ஸ்தான் அதைப் பிரிக்கலாம். வேறு யாராவது விரல் பட்டுப் பிரித்தால், எத்தனை கறுப்புக் கோடு இருந்தாலும் அது செல்லாது.

கண் ஆஸ்பத்திரி அது. கண் திறந்துவிட்ட டாக்டரின் காலைத் தொட நோயாளி வருவான். பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு ஒரு கும்பிடு கிடைக்கும். பின்னறையில் வியர்த்து விறுவிறுத்து நிற்பவளை யாருக்குத் தெரியும்? அவளும் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் கட்டிக் கொடுத்த செட்டால் ஒரு கண் சீழ் பிடித்தது என்ற பேச்சே வந்ததில்லை. இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வராந்தாவில் அவள் நடந்து போகிற நடையைப் பார்த்தாலே போதும், அதில் எல்லாம் எழுதியிருக்கும்.

அது சபை நடத்தும் ஆஸ்பத்திரி. தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் பாஸ்டர் ஜெபம் செய்வார். நல்ல மனிதர், தங்கமான மனசு. ஆனால் ஜெபத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது. உலகத்து ராஜாக்களில் தொடங்கி வார்டில் மூன்றாம் கட்டிலில் படுத்திருப்பவர் வரை ஒருத்தரையும் விட மாட்டார். சரியாக அந்த நேரத்தில்தான் ஸ்டீம் அக்காவின் முதல் லோடு சூடேறிக்கொண்டிருக்கும். அழுத்தமானியில் முள் ஏறும்போது கண்ணை எடுக்க முடியாது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் வேலை கெட்டது. அதனால் இருபத்தாறு வருடமாக அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஜெபம் செய்தாள். பழகிப் பழகி, ஞாயிற்றுக்கிழமை சபையில் நிற்கும்போதும் கண் மூட மறுத்தது. ஒருநாள் பாஸ்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆண்டவரை நேருக்கு நேரா பார்த்தே பேசறியா?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு சபையில் கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வாள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஊழியக் குழு கடல் கடந்து போகும். மலைநாடு ஒன்றில், டாக்டரே எட்டிப் பார்க்காத ஒரு பகுதியில், கண்புரை ஆப்பரேஷன் முகாம். டாக்டர்கள், நர்ஸுகள், பாஸ்டர், பயண ஏற்பாட்டுக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஆகப் பத்துப் பேர். பின்னறைக்காரியை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த முறை பெரிய டாக்டரம்மா கூட்டத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அங்க இருக்கிறது மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல வைக்கிற சின்ன ஆட்டோகிளேவ். அதோட குணம் தெரிஞ்சவங்க வேணும். ஸ்டீம் அக்கா வராங்க. இல்லைன்னா நான் வரலை."

செய்தி வீட்டுக்குப் போனது. அவளுடைய புருஷன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். பேச்சு குறைச்சல், பெயிண்ட்தான் அதிகம். அன்றைக்கு மட்டும் மனிதருக்கு வாய் ஓயவில்லை. முடிவெட்டுகிற கடை, டீக்கடை, பால் பூத் என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு வந்தார். போதாததற்கு அவளுடைய புதுப் பெட்டியை எடுத்து, மேலே மஞ்சள் பெயிண்டில் ஒரு சாண் உயர எழுத்தில் 'கருவி சுத்திகரிப்புப் பொறுப்பாளர்' என்று எழுதி, ஓரத்தில் சிவப்பில் நிழலும் கொடுத்துவிட்டார்.

"ஐயோ, இது என்னங்க, கடை போர்டு மாதிரி! ஏர்போர்ட்ல எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். படிச்சுட்டுச் சிரிக்கட்டும்," என்றார் அவர்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பன்னிரண்டு செட்களையும் அவளே கட்டினாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் நாள் காலையில் காத்திருக்காமல் ஆப்பரேஷன் தொடங்க வேண்டும், அதற்குத்தான் இங்கேயே நீராவியில் வைத்து எடுத்துப்போவது. பன்னிரண்டு பச்சைப் பொட்டலம், பன்னிரண்டிலும் கறுப்புக் கோடு. ஒரு பெரிய பெட்டியில் அடுக்கிப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

விமானம் ஏறுவதற்கு அவளுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். மேலே எழும்பும்போது பக்கத்தில் இருந்த இளம் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு முள் எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். "அது பைலட் முன்னாடி இருக்குக்கா," என்றாள் நர்ஸ். யாரோ ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் பாதிப் பயம் போயிற்று. மீதிப் பாதியை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டாள்.

சோதனை இறங்கிய இடத்தில் காத்திருந்தது. சுங்க அதிகாரி பெட்டியை நிறுத்திவிட்டார். காகிதத்தில் ஏதோ ஒரு முத்திரை இல்லையாம். தலைமையாசிரியர் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த ஆங்கிலம் அத்தனையையும் இறக்கிப் பார்த்தார். அதிகாரி மசியவில்லை. பெட்டியின் சாவியை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. வெளியே அவர்களை ஏற்றிப்போக வந்த பஸ்காரர் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

"வாங்க, எல்லாரும் வட்டமா நில்லுங்க," என்றார் பாஸ்டர். "மனுஷன் கதவைச் சாத்தினா ஆண்டவர்கிட்டதான் கேக்கணும்."

பதினொரு பேரும் கைகோத்து நின்றார்கள். பாஸ்டர் கண்ணை மூடி ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஸ்டீம் அக்கா நின்ற இடம் மேசைக்கு நேர் எதிரே. அவளும் உருகித்தான் ஜெபித்தாள். ஆனால் கண் பழக்கப்படி திறந்தே இருந்தது.

அதிகாரி இவர்களைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரி தலையை ஆட்டினார். சரி, தொலையட்டும், நாமே பார்த்து அனுப்பிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டியைத் திறந்தார். ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்தார். டேப்பை மெதுவாக உரித்து, துணியைப் பிரித்து, வெறும் விரலால் உள்ளே துழாவினார். ஒரு சின்ன இடுக்கியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப வைத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, டேப்பை அதே இடத்தில் அழுத்தி ஒட்டினார். நல்ல ஒழுங்கான ஆள், அதுதான் வினையாகப் போயிற்று. பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. அதற்குள் யாரோ சுமை ஏற்றிய தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பிரித்தார் என்று அவளால் பார்க்க முடியவில்லை. வண்டி நகர்ந்தபோது பெட்டி மூடியிருந்தது. அதிகாரி காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்றார் பாஸ்டர்.

எல்லாரும் கண் திறந்தார்கள். முத்திரை குத்திய காகிதம், பூட்டிய பெட்டி, மேலே சாவி. எடுத்துப் போங்கள் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

அடுத்து நடந்ததைச் சொல்லவே வேண்டாம். அல்லேலூயா சத்தத்தில் அந்தக் கட்டடம் அதிர்ந்தது. தலைமையாசிரியர் அதிகாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பாஸ்டருக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். ஸ்டீம் அக்கா வாயைத் திறந்தாள். அந்த ஈர முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பஸ் ஏழு மணி நேரம் மலை ஏறியது. பின் சீட்டில் பாட்டு, கைத்தட்டல். இளம் நர்ஸ் அற்புதம் நடந்ததென்று போனில் வீட்டுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஸ்டீம் அக்கா பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருவேளை அவர் கை சுத்தமாக இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. தன் அறையில் புதிதாக வரும் பயிற்சி நர்ஸ் இப்படி ஒரு பேச்சுப் பேசியிருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பாள். வெட்கமாக இருந்தது.

சொல்வதா வேண்டாமா என்பது இல்லை கேள்வி. எப்படிச் சொல்வது என்பதுதான். சொன்னால், நீ கண்ணைத் திறந்துகொண்டா ஜெபத்தில் நின்றாய் என்று கேட்பார்கள். பாஸ்டரின் கையில் இருந்த அற்புதத்தைப் பிடுங்கியதாகவும் ஆகும். பத்துப் பேரும் படித்தவர்கள், முன்பே வந்து போனவர்கள். இவள் முதல் தடவையாக வந்தவள், பின்னறைக்காரி. இவள் பேச்சு எடுபடுமா?

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். வகுப்பறை பெஞ்சுகளில், வராந்தாவில், படிக்கட்டில் எல்லாம் ஜனம். நூற்று இருபது பேர். ஒரு நாளைக்கு முப்பது பேர் என்று நான்கு நாள். அதற்கு மறுநாள் ஓய்வு, எல்லாருமாக அருவி பார்க்கப் போவதாக ஏற்பாடு. "ஒரு மணி நேரம்கூட மிச்சம் இல்லை," என்று டாக்டரம்மா பட்டியலைத் தட்டிக் காட்டினார். இதில் விட்டுப்போகிறவர்களுக்கு இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வெளிச்சம்.

ஸ்டீம் அக்கா தனக்கு ஒதுக்கிய அறைக்குப் போனாள். மூன்று செட்டுக்கு மேல் கொள்ளாத ஆட்டோகிளேவ். ஏற்றி, இறக்கி, உலர்த்த ஒன்றேகால் மணி நேரம். பன்னிரண்டையும் மறுபடி வைத்தெடுக்க ஐந்து மணி நேரம். ராத்திரியே தொடங்கலாம் என்றால் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் காலையில்தான் வருமாம். பெட்டியைத் திறந்து பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது பிரித்தது, எது பிரிக்காதது? கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் தூங்கினாளா என்று மட்டும் கேட்காதீர்கள்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, மண்ணெண்ணெய் வந்ததும் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டாள். கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது, வாய்தான் பாக்கி. ஏழு மணிக்கு ஜெபக்கூட்டம். பாஸ்டர் விமான நிலையத்து அற்புதத்தை மறுபடி சொல்லி நன்றி செலுத்தினார். மொழிபெயர்க்க வந்திருந்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அதைத் தங்கள் மொழியில் சொல்ல, ஜனம் எல்லாம் கைதட்டியது. இவள் எழுந்திருக்கப் பார்த்தாள். பாஸ்டரின் மலர்ந்த முகம் கண்ணில் பட, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழரைக்கு முதல் நோயாளியைப் படுக்க வைத்துவிட்டார்கள். தையல் வேலை செய்கிற ஒரு பெரியம்மா. இரண்டு கண்ணிலும் புரை மூடி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் மூன்று வருடம். மூன்று நாள் பிரயாணம் செய்து, பட்டியலில் முதல் ஆளாக இடம் பிடித்தவள். கண்ணில் மருந்து விட்டு, தலைக்குத் தொப்பி மாட்டி, நர்ஸ் முதல் செட்டின் டேப்பில் விரலை வைத்தாள்.

"அதைப் பிரிக்காதீங்க!"

வாசலில் நின்று சத்தம் போட்டது தான்தான் என்று ஸ்டீம் அக்காவுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "என்னக்கா?"

"அந்தச் செட் செல்லாது டாக்டரம்மா. ஏர்போர்ட்ல அந்த ஆபீசர் பிரிச்சுப் பார்த்துட்டார். வெறுங்கையால உள்ள விட்டுத் துழாவினார்."

"எதை? இதையா?"

"எதுன்னு தெரியலை. மூணு என் கண்ணால பார்த்தேன். அதுக்கப்புறம் மறைச்சிடுச்சு. அதனால பன்னிரண்டும் செல்லாது."

தலைமையாசிரியர்தான் முதலில் பேசினார். "அது எப்படிம்மா? நாங்க பத்துப் பேரும் அங்கதானே நின்னோம்? யாருமே பார்க்கலையே?"

"நீங்க எல்லாரும் ஜெபத்துல கண்ணை மூடியிருந்தீங்க ஐயா."

"அப்போ நீ?"

வந்துவிட்டது. ஏழு மணி நேரப் பஸ்ஸில் பயந்த கேள்வி. அவள் பாஸ்டரைப் பார்த்தாள். "நான் மூடலை ஐயா. எனக்கு மூட வராது. இருபத்தாறு வருஷமா முள்ளைப் பார்த்தே ஜெபம் பண்ணிப் பழகிட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. ஆனா பார்த்தது நிஜம்."

தலைமையாசிரியருக்கு மனசு ஆறவில்லை. "டேப்ல கறுப்புக் கோடு இருக்கே. படுத்தவங்களை எழுப்பறதா? ஆண்டவர் இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர், கண்ணைக் காப்பாத்த மாட்டாரா? விசுவாசத்தோட ஆரம்பிப்போம்."

இவ்வளவு நேரம் குழறிக்கொண்டிருந்த ஸ்டீம் அக்காவுக்கு இப்போது சுருக்கென்று கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"எனக்கும் விசுவாசம் இருக்கு ஐயா. அது இல்லாமலா அந்த விமானத்துல ஏறி உட்கார்ந்தேன்? ஆனா நாம ஆண்டவரை நம்பறோம், இந்தப் பெரியம்மா நம்மளை நம்பிப் படுத்திருக்காங்க. என் வேலையை நான் செய்யாம விட்டுட்டு, அதையும் நீரே பார்த்துக்கொள்ளும்னு அவர்கிட்ட எப்படிப் போய் நிப்பேன்? எனக்கு அந்த தைரியம் இல்லை."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முதல் மூணு செட் எப்போ தருவீங்க?"

"தண்ணி தயாரா கொதிக்குது. எட்டே முக்காலுக்குத் தரேன்."

"அப்போ எட்டே முக்காலுக்கு ஆரம்பிக்கிறோம். மூணு மூணா செய்வோம். விட்டுப்போனவங்களுக்கு அஞ்சாம் நாள் இருக்கு. அருவி எங்கேயும் ஓடிப்போயிடாது." பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இருபது வருஷமா இந்த அக்கா கட்டின செட்டை நான் ரெண்டாவது தடவை பார்க்காம வாங்கியிருக்கேன். செல்லும்னா செல்லும், செல்லாதுன்னா செல்லாது. இதுல பேச ஒண்ணுமில்லை."

ஒரு ஆள் வாழ்நாளெல்லாம் செய்த வேலைக்குச் சில நேரம் ஒரே வாக்கியத்தில் கூலி கிடைத்துவிடும். ஸ்டீம் அக்காவின் மார்பு விம்மியது. ஆனால் நின்று அழ நேரம் ஏது? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

திரும்பிய இடத்தில் இன்னொரு கூத்து. மேசையிலிருந்து எழுப்பிவிட்ட தையல்காரப் பெரியம்மா உட்கார்ந்துகொண்டு பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் மூன்று நிமிடம். மொழி தெரியாவிட்டால் என்ன, திட்டு எந்த மொழியிலும் திட்டுதானே? முடித்ததும் மொழிபெயர்க்கும் ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்," என்றார்.

"மூணு நிமிஷம் பேசினதுக்கு மூணு வார்த்தைதானா சார்? முழுசா சொல்லுங்க," என்றாள் ஸ்டீம் அக்கா.

ஆசிரியர் நெளிந்தார். "வந்து... வாசல்ல கத்தின அந்தப் பொம்பளை யாருன்னு கேக்கறாங்க. மூணு நாள் நடந்தும் வண்டியிலயும் வந்து முதல் ஆளா படுத்தா, வாய்க்கு எட்டினதைத் தட்டிவிட்டாளேன்னு... அதுக்கு மேல சொன்னது பாஸ்டர் முன்னாடி சொல்ற மாதிரி இல்லை."

"ஒண்ணேகால் மணி நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க. முதல் செட் அவங்களுக்குத்தான்."

ஸ்டவ் முன்னால் போய் உட்கார்ந்தபோது, பின்னாலேயே வந்து நின்றது பாஸ்டர். அந்த அறைக்குள் அவர் வந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "பெட்டி வெளிய வரணும்னு அரை மணி நேரம் கேட்டேன். பிரிக்காம வரணும்னு கேக்க எனக்குத் தோணவே இல்லை பார்த்தியா? இத்தனை நீளமா ஜெபிச்சும் முக்கியமானதை விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்டவ் அருகே குந்தினார். "சொல்லு, எவ்வளவு காத்தடிக்கணும்?"

"மெதுவா ஐயா. ஜெபம் மாதிரி இழுத்துட்டே போகக் கூடாது. நிறுத்துன்னா நிறுத்தணும்."

"சரிம்மா," என்றார் பாஸ்டர், அடங்கிய பிள்ளையாக.

அன்றைக்கு முழுக்க அவர்தான் அவளுக்குக் கையாள். காற்றடித்தார், தண்ணீர் சுமந்தார், புகையில் இருமினார். அவள் எழுந்து நின்றவள் நின்றவள்தான், உட்காரவில்லை. மூன்று செட் உள்ளே, மூன்று செட் வெளியே, திரும்பி வந்த கருவிகள் சோப்புத் தண்ணீரில். எட்டு நாற்பத்து மூன்றுக்கு முதல் மூன்றையும் கையில் கொடுத்துவிட்டாள், சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருபத்து நான்கு கண் முடிந்திருந்தது. தலைமையாசிரியர் சாப்பாட்டுத் தட்டோடு அந்த அறை வாசலில் வந்து நின்று, "நான் காலையில பேசினது..." என்று ஆரம்பித்தார். "அந்தத் துணியை அப்படிக் காயப் போடுங்க ஐயா," என்றாள் அவள். அவரும் காயப் போட்டார். மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் அவ்வளவில் முடிந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் மத்தியானத்துக்குள் நூற்று இருபது பேருக்கும் முடித்துவிட்டார்கள். அருவியை ஒருவரும் பார்க்கவில்லை. நூற்று இருபதில் ஒரு கண்கூட வீங்கவில்லை, சீழ் கட்டவில்லை. ஊருக்குத் திரும்பி வந்ததும் பாஸ்டர் சபையில் சாட்சி சொன்னார். சுங்கத்தில் பெட்டி வந்தது பாதி அற்புதம் என்றும், மீதிப் பாதிக்குக் காரணம் கடைசி வரிசையில் நிற்கிறது என்றும் சொல்லி, அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். பெயர்ப்பலகைக்காரர் அன்றைக்கு அழுத அழுகையில் பக்கத்து வரிசைக்காரர் கைக்குட்டை கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஸ்டீம் அக்காவைக் கேட்டால் அந்தச் சபையைச் சொல்ல மாட்டாள். முகாமின் இரண்டாம் நாள் காலையைத்தான் சொல்வாள்.

அன்று முதல் நாள் ஆட்களுக்குக் கட்டுப் பிரிக்கிற நேரம். வழக்கமாக அதற்குப் பின்னறைக்காரிகளைக் கூப்பிடுவதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு கட்டுப் பிரிப்பைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. டாக்டரம்மா ஆள் அனுப்பி, "கையில இருக்கறதை வெச்சுட்டு வரச் சொல்லு," என்றார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் வராந்தாவில் ஒதுங்கி நின்றாள்.

முதல் பெஞ்சில் தையல்காரப் பெரியம்மா. டாக்டரம்மா பஞ்சை எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். தெளிந்த கண். பெரியம்மா இமையை மூடித் திறந்தாள். தன் விரல்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எதிரே நின்றவர்களை வரிசையாகப் பார்த்தாள். பிறகு ஆசிரியரிடம் ஏதோ கேட்டாள்.

"நேத்து வாசல்ல கத்தினவங்க இதுல யாருன்னு கேக்கறாங்க," என்றார் ஆசிரியர்.

எல்லாரும் ஸ்டீம் அக்காவைப் பார்த்தார்கள். அவள் முன்னால் வந்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்து முகத்தையே பார்த்தாள். கொஞ்சம் தழுதழுத்த குரலில் பேசினாள்.

"ஏன் நிறுத்தினாங்கன்னு நேத்து சாயங்காலம் எனக்குச் சொன்னாங்க. முகம் தெரியாம உன்னைத் திட்டிட்டேன். இப்போ முகம் தெரியுதுன்னு சொல்றாங்க," என்றார் ஆசிரியர்.

அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே ஸ்டீம் அக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "பரவாயில்லை, இப்போ முகத்தைப் பார்த்தே திட்டச் சொல்லுங்க. வாங்கிக்கிறேன்."

ஆசிரியர் சொன்னார். பெரியம்மா சிரிக்கவில்லை. பிடித்த கையை விடாமல், புதுக் கண்ணால் அவளை இன்னும் உற்றுப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே திட்ட ஆரம்பித்தாள். நேற்றைய அதே வேகம், அதே சத்தம்.

இந்த முறை ஆசிரியர் ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். "என்ன பொம்பளை நீ? கண்ணைப் பாரு, ரெண்டும் எப்படிச் சிவந்து கிடக்குன்னு! எத்தனை நாளாச்சு தூங்கி? எங்க கண்ணெல்லாம் பார்த்தது போதும், போய் ஒரு மணி நேரம் படுன்னு சொல்றாங்க."